பனாமா வழியாக ஒரு கடிதம்

"பெறுநர் காலமானார்" என்று உறையின் மேல் எழுதித் திருப்பி அனுப்பிய கடிதங்கள் என் பணிக்காலத்தில் எத்தனையோ. 31 ஆண்டுகள் ரயில்வே அஞ்சல் சேவையான ஆர்.எம்.எஸ்.ஸில் கடிதம் பிரித்தேன். கடைசி மூன்று ஆண்டுகள் சென்னையில், பட்டுவாடா ஆகாத கடிதங்களைத் திறந்து, அனுப்பியவரின் முகவரியைத் தேடும் பிரிவில் இருந்தேன். முகவரி கிடைக்கும் வரை மட்டும் கண்ணை ஓட்டுவோம். கிடைத்ததும் மடித்து வைத்துவிடுவோம். அந்தச் சில நொடிகளில் கண்ணில் பட்ட ஒன்றிரண்டு வரிகள், இரவு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போதும் கூடவே இருக்கும்.

அந்தப் பிரிவில் இருந்தபோதுதான் ஒரு நண்பர், அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1853இல் எழுதிய ஒரு கதையை என்னிடம் கொடுத்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் நகல் எழுதும் ஒருவன், எந்த வேலை சொன்னாலும் செய்ய விருப்பமில்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறான். கதையின் கடைசியில், அவன் முன்பு வாஷிங்டனில் பட்டுவாடா ஆகாத கடிதங்களின் அலுவலகத்தில் வேலை பார்த்தவனாம் என்றொரு தகவல் வருகிறது. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதியவர் யார், அவருக்குக் கடிதங்களைப் பற்றி எப்படி இவ்வளவு தெரிந்தது என்ற கேள்வி அன்று தொடங்கியது. ஓய்வு பெற்ற பிறகு அவருடைய கடிதத் தொகுப்பையும், குடும்பத்தார் கடிதங்களை வைத்து எழுதப்பட்ட வரலாறுகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். 'மோபி டிக்' நாவலைவிட அந்தக் கடிதங்களைத்தான் நான் அதிக முறை படித்திருக்கிறேன்.

முதலில் என்னை நிறுத்திய கடிதம் 1846ஆம் ஆண்டு மே 29ஆம் தேதியிட்டது. ஹெர்மன் தன் அண்ணன் கான்செவோர்ட்டுக்கு எழுதியது. அண்ணன் லண்டனில் அமெரிக்கத் தூதரகத்தில் செயலாளராக இருந்தார். தம்பியின் முதல் புத்தகத்தை அங்குள்ள பதிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்து அச்சேற்றியவரும் அவர்தான். ஏப்ரலில் எழுதிய கடிதத்தில், தன் உடல்நிலை மெல்ல மெல்லத் தளர்கிறதோ என்று அஞ்சுவதாகக் கான்செவோர்ட் எழுதியிருந்தார். தம்பி பதில் எழுதுகிறார்: இன்னும் மூன்று வாரத்தில் இந்தக் கடிதத்தை நீ பிரிப்பதை இப்போதே பார்க்கிறேன், மன அமைதிதான் முக்கியம், இங்குள்ள விஷயங்களைப் பற்றி நீ கவலைப்படாதே. மெக்சிகோ போரால் ஊரே பித்துப்பிடித்துக் கிடப்பதையும், வேலை பழகும் பையன்கள் படைக்கு ஓடுவதையும் நோயாளிக்குப் பேச்சுத் துணைபோல எழுதுகிறார்.

கான்செவோர்ட் மே 12ஆம் தேதியே இறந்துவிட்டார். வயது 30. கடிதம் எழுதி முடித்த நாளில் அவர் போய் 17 நாள் ஆகியிருந்தது. அந்தச் செய்தி இன்னும் அட்லாண்டிக் கடலின் மேல் கப்பலில் வந்துகொண்டிருந்தது. இந்த இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது, என் கையால் திருப்பி அனுப்பிய உறைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

அந்தக் குடும்பத்துக்குக் கடிதம் என்பது மூச்சு. தந்தை ஆலன் பிரான்ஸிலிருந்து துணிமணிகளை இறக்குமதி செய்த வணிகர், எட்டுப் பிள்ளைகள். ஹெர்மன் மூன்றாவது. ஏழு வயதில் அவனை ஆல்பனியில் உள்ள தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பும்போது ஆலன் எழுதிய கடிதம் இருக்கிறது. பையன் பேச்சில் மிகவும் பின்தங்கியவன், புரிந்துகொள்வதிலும் சற்று மெதுவானவன், ஆனால் புரிந்த அளவில் ஆழமானவன், சாந்த குணம் உடையவன் என்று எழுதுகிறார். முதல் பாதியை மட்டும் எடுத்துக் காட்டித் தந்தையைக் குறை சொல்பவர்களை நான் படித்திருக்கிறேன். இரண்டாம் பாதியையும் சேர்த்துப் படித்தால், மகனை உற்றுப் பார்த்த ஒருவர் எழுதியது என்பது தெரியும். 1830இல் வியாபாரம் நொடித்தது. 1832 ஜனவரியில் ஆலன் ஜன்னி கண்டு இறந்தார். பிள்ளைகளின் படிப்பு போயிற்று. ஹெர்மன் வங்கியில் எழுத்தர், பள்ளி ஆசிரியர் என்று அலைந்து, 1841 ஜனவரியில் திமிங்கில வேட்டைக் கப்பல் ஏறினார்.

மெல்வில் தனக்கு வந்த கடிதங்களைச் சேர்த்து வைக்கிறவர் அல்லர். பெரும்பாலும் அழித்துவிடுவார். அருகில் வசித்த நாவலாசிரியர் நத்தானியல் ஹாதோர்னுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. ஹாதோர்ன் அவருக்கு எழுதிய பதில்கள் ஏறக்குறைய எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 'மோபி டிக்' படித்துவிட்டு ஹாதோர்ன் என்ன எழுதினார் என்பதை, அதற்கு மெல்வில் எழுதிய ஆனந்தக் கூத்தான பதிலிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். மெல்வில் கைப்பட எழுதியவற்றில் கிடைத்திருப்பவை 300 சொச்சம் கடிதங்களே. 72 ஆண்டுகள் வாழ்ந்த மனிதருக்கு இது மிகக் குறைவு.

எடுத்து வைத்தவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களில் என் மனத்துக்கு மிக நெருங்கியவர் தங்கை அகஸ்டா. ஹெர்மனைவிட இரண்டு வயது இளையவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனின் கிறுக்கல் கையெழுத்தை அச்சகத்துக்குப் போகும் அளவுக்குத் தெளிவாக நகல் எடுத்துக் கொடுத்தவர். தான் யாருக்கு எப்போது கடிதம் எழுதினோம் என்று ஒரு பதிவேடு வைத்திருந்தார் என்று படித்தபோது, அவரை என் சக ஊழியராகவே எண்ணிவிட்டேன். அகஸ்டா 1876இல் இறந்தார். அவர் சேர்த்து வைத்த தாள்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 1983இல் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு கொட்டகையில் கிடந்த பெட்டிகளில் அவை வெளிப்பட்டன. 500க்கும் மேற்பட்ட குடும்பக் கடிதங்கள். அவற்றோடு ஹெர்மனின் முதல் புத்தகத்தின் கைப்பிரதியில் முப்பது பக்கம்போல. நியூயார்க் பொது நூலகம் அவற்றை வாங்கிக்கொண்டது. கோடைப் புழுக்கத்தையும் பனியையும் எலியையும் தாண்டி நூறு ஆண்டுகள் காகிதம் தாக்குப்பிடித்ததை, காகிதத்தோடே வாழ்ந்த எனக்கு நம்பவே முடியவில்லை.

அந்தப் பெட்டியில் இருந்த ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1853இல் பிரிசில்லா என்ற உறவுக்காரப் பெண் அகஸ்டாவுக்கு எழுதுகிறார். மே 22ஆம் தேதி ஹெர்மனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. 'சிலுவைத் தீவு' ஏறக்குறைய இந்தச் சின்னவளின் இரட்டைச் சகோதரிதான், கதாநாயகி என்று ஒருத்தி இருந்தால் அவள் பெயரையே குழந்தைக்கு வைக்கலாம் என்று எழுதுகிறார். அந்தப் புத்தகம் எப்போது வரும், கண்ணில் படும் பத்திரிகைகளில் எல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றும் கேட்கிறார். மெல்வில் அப்படி ஒரு நூல் வெளியிட்டதே இல்லை. அந்த ஆண்டு அவர் ஏதோ ஒரு படைப்பைப் பதிப்பாளரிடம் கொண்டுபோனார் என்றும், அது அச்சேறவில்லை என்றும் மட்டும் முன்பே தெரிந்திருந்தது. அதற்குப் பெயர் கொடுத்தது இந்தக் கடிதம்தான். கைப்பிரதி இன்று வரை கிடைக்கவில்லை. ஒரு முழு நாவலின் பெயர், பிள்ளைப்பேற்று விசாரிப்புக்கு நடுவே ஒரு பெண் எழுதிய இரண்டு வரியில் பிழைத்திருக்கிறது. பிரிசில்லா எவ்வளவு ஆசையாகக் காத்திருந்திருப்பார்!

அதே 1853இல்தான் ஹெர்மனின் தாய் மரியாவும் தன் அண்ணனுக்கு எழுதுகிறார்: மூளை ஓயாமல் வேலை செய்வதும் கற்பனையின் கொதிப்பும் ஹெர்மனைத் தேய்க்கின்றன, அவனுக்கு வெளிநாட்டில் ஒரு தூதர் பதவி கிடைக்க வழி செய். கிடைக்கவில்லை.

மனைவி எலிசபெத், மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி லெமுவேல் ஷாவின் மகள். 1847 ஆகஸ்டில் திருமணம். நியூயார்க்கில் மாமியார், நாத்தனார்கள், கொழுந்தனும் அவர் மனைவியும் என்று நிறைந்த வீடு. அந்த டிசம்பரில் தன் சிற்றன்னைக்கு எழுதிய கடிதத்தில் தன் நாள் எப்படிப் போகிறது என்று விவரிக்கிறார். எட்டு மணிக்குக் காலை உணவு. ஹெர்மன் நடக்கப் போனதும் மாடிக்கு ஓடி அவர் அறையை ஒழுங்கு செய்ய வேண்டும், திரும்பியதும் நேராக மேசையில் உட்கார. பிறகு, சமர்த்தாக வேலை செய்ய வேண்டும், மைக்கூட்டைக் கவிழ்த்துவிடக் கூடாது என்று எச்சரித்துவிட்டு விடைபெறுவார். மறு ஆண்டு மே மாதத்துக் கடிதம் இன்னும் அருமை. நகல் எடுக்கும் வேலை நிறைய இருக்கிறது, நீளமாக எழுத நேரமில்லை. இந்தக் கடிதத்தில் நிறுத்தற்குறிகள் இல்லாவிட்டால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நகல் எடுக்கும்போது அவற்றை ஹெர்மனுக்கே விட்டுவிட்டு எழுதிப் பழகிவிட்டது என்கிறார். புதுமணப் பெண்ணின் சொந்தக் கடிதத்திலிருந்தே காற்புள்ளிகள் காணாமல் போயிருக்கின்றன. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. உடனே மனம் கனத்தது.

ஏனென்றால் அடுத்த முப்பது ஆண்டு எலிசபெத்துக்கு எளிதாக இல்லை. புத்தகங்கள் விற்கவில்லை, மாசசூசெட்ஸின் பிட்ஸ்பீல்டு ஊரில் அவர்கள் வாழ்ந்த பண்ணை வீடும் எலிசபெத்தின் தந்தையின் பண உதவியில்தான் வந்தது. 1867 மே மாதத்தில், கணவரை விட்டு அவரைப் பிரித்து அழைத்து வந்துவிடலாமா என்று அவருடைய சகோதரரும் பாதிரியார் ஹென்றி பெல்லோஸும் ஆலோசித்த கடிதங்கள் 1975இல் வெளியாயின. மெல்விலை நேசிக்கும் வாசகர்கள் இந்தக் கடிதங்களை விரைந்து தாண்டிப் போவதைக் கவனித்திருக்கிறேன். அது சரியில்லை. அந்த வீட்டில் அந்தப் பெண் எவ்வளவு தாங்கினார் என்பதற்கு அவைதான் சாட்சி. எலிசபெத் பிரிந்து போகவில்லை. 1876இல், கணவரின் நீண்ட கவிதை நூல் அச்சாகும் நேரத்தில், இந்தப் பயங்கரமான சுமை எங்கள் மகிழ்ச்சியை எல்லாம் அரித்துவிட்டது என்று உறவுப் பெண் ஒருவருக்கு எழுதுகிறார். அப்படி எழுதியவரேதான், கணவர் 1891இல் இறந்தபோது மேசையில் முடிவுறாமல் கிடந்த கதையின் தாள்களை வீணாக்காமல் பாதுகாத்தார். அவை ஒரு தகர ரொட்டிப் பெட்டிக்குள் இருந்து பிற்பாடு பேத்தி எலினார் மூலம் உலகுக்கு வந்தன. 'பில்லி பட்' என்ற பெயரில் அது அச்சானது 1924இல்.

இனி மூத்த மகன் மால்கம். 1849 பிப்ரவரியில் அவன் பிறந்ததும் ஹெர்மன் தம்பி ஆலனுக்கு எழுதிய கடிதத்தில் தரை மீது கால் பாவவில்லை. குழந்தைக்கு உடை மாட்ட மூன்று தாதிகள் வேண்டியிருக்கிறதாம். பார்பரோசா, ஹெர்குலிஸ், சாம்சன், போனபார்ட் என்று பெயர்களை அடுக்குகிறார்.

11 ஆண்டுகள் கழித்து, 1860 செப்டம்பர் 1ஆம் தேதி, அந்த மால்கமுக்கு அவர் எழுதிய கடிதம் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நகலாக இருக்கிறது. உடல்நலம் தேறுவதற்காகக் கடைசித் தம்பி டாமின் கப்பலில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்க்கொண்டிருந்தார். தென் அமெரிக்காவின் தென்கோடியான கொம்பு முனையைச் சுற்றிப் பசிபிக் கடலுக்கு வந்தாயிற்று. முனையருகே புயல், தளம் எங்கும் பனிக்கட்டி. ரே என்ற இளம் மாலுமி பாய்மரத்தின் மேலிருந்து விழுந்து அங்கேயே இறந்தான். அவனைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்து, காலடியில் இரும்பு வைத்து, டாம் ஜெபம் வாசிக்க, பலகையைச் சரித்தார்கள், கடல் எடுத்துக்கொண்டது. அவனுக்குக் கப்பலில் ஒரு நண்பன் இருந்தான். இருவரும் கலிபோர்னியாவில் போய் வாழலாம் என்று நினைத்திருந்தார்கள், ஆனால் நடந்ததைப் பார் என்று மகனுக்கு எழுதுகிறார். பதினொரு வயதுப் பையனுக்கு மரணத்தை இவ்வளவு நேராகச் சொல்லலாமா என்று முதலில் தோன்றியது. இப்போது தோன்றவில்லை. பெரியவனாக மதித்துச் சொல்லியிருக்கிறார்.

பிறகு அறிவுரை. நான் புறப்படும் முன் சொன்னதை நினைவில் வைத்திருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கீழ்ப்படிந்து உதவியாக இருந்திருப்பாய். தாயிடம் மரியாதை இல்லாமல் நடக்கிற பையன் அற்பமானவன், அப்படிப்பட்டவர்களோடு பழகாதே.

அடுத்து வருவதுதான் நான் மனப்பாடமாகச் சொல்லும் பகுதி. இந்தக் கடிதம் உன்னிடம் எப்படி வந்து சேரும் தெரியுமா என்று மகனுக்கு விளக்குகிறார். சான் பிரான்சிஸ்கோவில் தபாலில் போடுவேன். நீராவிக் கப்பல் அதைப் பனாமாவுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து ரயிலில் நிலத்தைக் கடந்து மறுகரையில் உள்ள ஆஸ்பின்வாலுக்குப் போகும். அங்கே இன்னொரு கப்பல். அது கியூபாவின் ஹவானாவில் கரி ஏற்றிக்கொண்டு நேரே நியூயார்க் வரும். பிறகு அங்குள்ள தபால் நிலையம், பிறகு பிட்ஸ்பீல்டு. சுமார் 25 நாள் ஆகும். பனாமாவில் அப்போது கால்வாய் கிடையாது. ரயில் பாதை போட்டு ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ரயில் ஓட இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

எத்தனையோ லட்சம் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் பையில் கட்டியிருக்கிறேன். எந்த வண்டியில் ஏறும், எந்தச் சந்திப்பில் இறங்கும் என்பது எங்களுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. எழுதுகிறவர்கள் பெட்டியில் போட்டதோடு மறந்துவிடுவார்கள். தன் கடிதத்தோடு கூடவே கரை கரையாக நடந்து, மகனின் வாசல் வரை கொண்டுவிட்ட தந்தையை நான் வேறெங்கும் படித்ததில்லை. அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்ததும் மெல்வில் அந்தக் கப்பலிலேயே தொடராமல், கடிதம் போன அதே பனாமா வழியாக நவம்பரில் ஊர் திரும்பினார்.

1867 செப்டம்பர். மெல்வில் நியூயார்க் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளர். நாளுக்கு நான்கு டாலர் சம்பளம். மால்கமுக்கு வயது 18. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, தொண்டர் படையிலும் சேர்ந்திருந்தான். ஓர் இரவு மூன்று மணிக்குத்தான் வீடு திரும்பினான். தாய் விழித்துக் காத்திருந்து கதவு திறந்தார். மறுநாள் அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. மாலையில் தந்தை கதவை உடைத்து உள்ளே போனபோது, தன் கைத்துப்பாக்கியின் குண்டு பட்டு இறந்திருந்தான். தற்கொலை என்று முதலில் சொன்ன விசாரணைக் குழுவினர், பிறகு அந்தச் சொல்லைத் திருத்திக்கொண்டார்கள். நான் அதற்குள் போக விரும்பவில்லை.

சகோதரியின் கணவர் ஜான் ஹோட்லிக்கு மெல்வில் எழுதினார்: அவன் கடைசியாகக் கிடந்த நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மென்மையான சுபாவத்தின் நிம்மதி அதில் இருந்தது, மக்கி தன் வாழ்நாளில் என்னிடம் மரியாதை குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை, பிள்ளையின் கடமையில் எந்த விதத்திலும் தவறியதில்லை. மால்கமை வீட்டில் மக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் கடலிலிருந்து மகனுக்கு வைத்த தேர்வுக்கு, தந்தையே இப்படி விடை எழுதியிருக்கிறார். இந்த இரண்டு கடிதங்களையும் ஒரே நாளில் படிக்க என்னால் முடிவதில்லை.

பசிபிக் கடலில் அந்தக் கடிதத்தை எழுதிய மறுநாள், அதே கப்பலில், மகள் பெஸ்ஸிக்கும் ஒன்று எழுதினார். 'சிலுவைத் தீவின்' இரட்டைச் சகோதரி என்று பிரிசில்லா எழுதிய குழந்தை அவள்தான். இப்போது ஏழு வயது. அவளே படிக்க வேண்டும் என்று அச்செழுத்துப்போல எழுதத் தொடங்குகிறார். ஆடுகிற கப்பலில் அது சரியாக வரவில்லை, ஆகவே நடுநடுவே வழக்கம்போல எழுதுகிறேன், அந்த இடங்களை அம்மா வாசித்துக் காட்டுவாள் என்கிறார். கப்பலின் பின்னால் நாள் கணக்காகப் பறந்து வந்த பறவைகளைப் பற்றிச் சொல்கிறார். கோழி அளவு, உடல் எங்கும் புள்ளி. ரொட்டித் துணுக்கு போட்டால் கத்திக்கொண்டு ஓடிவரும். ஆனால் ஒருநாளும் கப்பலில் உட்காராது. நடுக்கடலில் ஏதாவது பாறை இருந்தால் அதுதான் வீடு. அவை பழத்தோட்டத்தைப் பார்த்ததில்லை; நம் ஊரில் உன் சிநேகிதர் செம்மார்புக் குருவியார் தின்னும் ஆப்பிளையும் செர்ரியையும் ருசித்ததில்லை.

தங்கை ஃபேனியை நன்றாகப் பார்த்துக்கொள், குன்றுக்குப் போகும்போது இப்படித்தான் போக வேண்டும் என்று எழுதி, இரண்டு சிறுமிகள் கைகோத்து நிற்பதைச் சின்னதாக வரைந்து காட்டுகிறார். நீ தைத்துக் கொடுத்த சின்னப் பையை அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துகிறேன், எடுக்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன் என்றும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.